நன்னடத்தை விடுவிப்பும் சமூக சேவைத் தண்டனையும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டத் தன்னார்வலராக நீதிமன்ற வளாகங்களில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் கேட்ட அதே சந்தேகங்களை ஓசூரிலும் ஊத்தங்கரையிலும் கேட்டேன். சிறைக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைத்துத் திருத்தும் ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது, சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, இங்கே அதை யார் நடத்துகிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்பதே பலருக்கும் தெரியாமல் இருக்கிறது. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைக் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் வழக்கின் விவரங்களை உங்கள் வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

"புரோபேஷன்ல விட்டிருக்கோம்னு ஐயா சொன்னாரு. அப்போ கேஸ் முடிஞ்சிடுச்சுங்களா?"

முடியவில்லை. குற்றம் செய்ததாக நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. உடனே தண்டனை விதிக்காமல், நல்ல நடத்தையோடு இருப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறது. இதுதான் நன்னடத்தை விடுவிப்பு, அதாவது புரோபேஷன். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. பத்திரத்தின் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் நீதிமன்றம் அழைத்தால் வந்து தண்டனையை ஏற்றுக்கொள்வதாக அதில் எழுதப்பட்டிருக்கும்.

பத்திரத்தோடு கண்காணிப்பு ஆணையும் சேர்த்துப் பிறப்பிக்கப்பட்டிருந்தால், குறைந்தது ஓராண்டுக்கு நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். ஆகவே நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாக, கையில் உள்ளது வெறும் பத்திரமா, கண்காணிப்பு ஆணையும் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் வீட்டுக்குப் போய்விட்டு, ஆறு மாதம் கழித்துச் சம்மன் வந்த பிறகு ஓடி வருகிறவர்கள் நிறையப் பேர்.

"ஜாமீனும் இதுவும் ஒன்னுதானே?"

வேறு வேறு. ஜாமீன் என்பது வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு முன் கிடைப்பது. நன்னடத்தை விடுவிப்பு தீர்ப்புக்குப் பிறகு, தண்டனைக்குப் பதிலாகக் கிடைப்பது. ஜாமீன் நிபந்தனைப்படி காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் தீர்ப்புக்குப் பிறகும் அங்கேயே போய் நிற்பதைப் பார்க்கிறேன். கண்காணிப்பு ஆணை இருந்தால் போக வேண்டியது நன்னடத்தை அலுவலரிடம்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதி வாங்கினாங்களே ஒரு நன்னடத்தைப் பத்திரம், அது எதுல சேரும்?"

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வருவாய்க் கோட்டங்களில் நிர்வாக நடுவரான வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) முன் எழுதி வாங்கப்படும் பத்திரம், இனிமேல் குற்றம் நடக்காமல் தடுப்பதற்கானது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110ஆம் பிரிவுகள் என்று சொல்லிக்கொண்டிருந்தவை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126, 129ஆம் பிரிவுகளாக இருக்கின்றன. அங்கே யாரும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படுவதில்லை. நன்னடத்தை அலுவலருக்கும் அங்கே வேலை இல்லை.

ஒருவருக்கே இரண்டு பத்திரமும் இருக்கலாம். அப்படியானால் இரண்டின் காலக்கெடுவையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

"எந்தக் கேஸுக்கு இது கிடைக்கும், எதுக்குக் கிடைக்காது?"

மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பொருந்தாது. மற்றவற்றில், குற்றத்தின் தன்மையையும் செய்தவரின் குணத்தையும் சூழ்நிலையையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். இதைவிட இலகுவானது 3ஆம் பிரிவு: முன் தண்டனை இல்லாத ஒருவரை, சிறிய திருட்டு, ஏமாற்று, அல்லது 2 ஆண்டுகளுக்கு மேற்படாத தண்டனையுள்ள குற்றங்களில், எச்சரித்து மட்டும் அனுப்பிவிடலாம்.

சில சிறப்புச் சட்டங்கள் கதவை அடைத்துவிட்டன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்படும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்னடத்தை விடுவிப்பு இல்லை என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவும், மிகக் குறைந்த விலக்குகளோடு, அதையே சொல்கிறது. கஞ்சா வழக்கில் பிடிபட்ட பையனின் பெற்றோரிடம் "புரோபேஷன் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், இந்தப் பிரிவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

"பையனுக்கு இருபது வயசுதாங்க ஆகுது. ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களா?"

21 வயது நிரம்பாதவருக்கு நன்னடத்தைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு கூடுதல் பாதுகாப்பு தருகிறது. ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், அவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும். அதன் பிறகும் சிறைதான் என்றால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வயதை எந்த நாளில் பார்ப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். விசாரணை நீதிமன்றம் குற்றவாளி எனக் கண்டு தண்டனையை முடிவு செய்யும் நாளின் வயதுதான் கணக்கு என்று 1962இல் ராம்ஜி மிஸ்ஸார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றம் நடந்தபோது 19 வயதாக இருந்து, வழக்கு மூன்று ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போனால் 6ஆம் பிரிவின் பாதுகாப்பு கைநழுவிப் போகும். வாய்தா வாங்கிக்கொண்டே போவது எப்போதும் நன்மை என்று நினைக்க வேண்டாம். பள்ளி மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ முதல் நாளிலிருந்தே வழக்கறிஞரின் கோப்பில் இருக்கட்டும்.

"நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் விசாரிச்சாரு. பக்கத்து வீட்டுலயும் கேட்டாரு. எதுக்குங்க இதெல்லாம்?"

நீதிபதி உங்கள் மகனை மேடையிலிருந்து சில நிமிடங்கள்தான் பார்க்கிறார். அவன் எந்த வீட்டில் எப்படி இருக்கிறான், யார் பேச்சைக் கேட்பான், வேலைக்குப் போகிறானா, குடிக்கிறானா, கடன் இருக்கிறதா என்பதை அவருக்குச் சொல்வது இந்த அறிக்கை. அதனால்தான் அலுவலர் திண்ணையில் உட்கார்ந்து நேரம் எடுத்துப் பேசுகிறார். அந்த உரையாடலை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், அம்மா தோட்டத்துக்குப் போயிருப்பார், பையனைப் பாட்டிதான் வளர்த்திருப்பார். இந்த உண்மை காவல் துறையின் குற்றப்பத்திரிகையில் வராது. சொன்னால்தான் அறிக்கையில் வரும்.

ஆகவே மறைக்காமல் பேசுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் இருக்கிறது என்றே சொல்லி, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வேலை தரத் தயாராக இருக்கும் மாங்கூழ்த் தொழிற்சாலை மேஸ்திரியோ, ஒர்க்‌ஷாப் முதலாளியோ, தாய்மாமனோ இருந்தால் அன்றைக்கு அவரையும் கூட்டி வாருங்கள்.

அறிக்கை ரகசியமானது என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் அதன் சாரத்தைக் குற்றவாளிக்குத் தெரிவித்து, மறுப்பதற்கு ஆதாரம் காட்ட வாய்ப்புத் தரலாம். பக்கத்து வீட்டுக்காரர் பழைய வரப்புத் தகராறை மனதில் வைத்துத் தவறாகச் சொல்லியிருப்பார் என்று அஞ்சினால், அந்த வாய்ப்பைக் கேட்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

"ஜாமீன்தாரர் கட்டாயமா? எங்களுக்கு யாரும் வர மாட்டேங்கறாங்க."

கட்டாயமில்லை. ஜாமீன்தாரரோடும் பத்திரம் எழுதலாம், இல்லாமலும் எழுதலாம். அது நீதிமன்றத்தின் முடிவு. ஆனால் குற்றவாளிக்கோ ஜாமீன்தாரருக்கோ, அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் அல்லது பத்திரக் காலத்தில் அவர் வாழப் போகும் இடத்தில், நிலையான வீடோ ஒழுங்கான தொழிலோ இருக்கிறது என்று நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது, வேலை தருபவரின் கடிதம் ஆகியவற்றில் எது உண்டோ அதைக் கொண்டு செல்லுங்கள். செங்கல் சூளையிலேயே தங்கி வேலை செய்யும் குடும்பங்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. சூளை முகவரியையும் சொந்த ஊர் முகவரியையும் இரண்டையும் கொடுத்துவிடுவது நல்லது.

"வாரம் பூரா பெங்களூர்லதான் வேலை. கண்காணிப்புல இருக்கறப்ப போகலாமா?"

கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவே முதன்மையானது. சூளகிரியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வேறு மாநிலத்தில் இறங்கிவிடும் வாழ்க்கை இங்கே. பத்திரத்தில் குடியிருப்பு பற்றி என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்பதே விடை. "நீதிமன்ற எல்லையை விட்டுப் போகக் கூடாது" என்று இருந்தால், கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளிக்குப் போவதும் மீறலாகக் கொள்ளப்படலாம். அப்படி எதுவும் இல்லையென்றாலும், அலுவலரிடம் சொல்லாமல் இடம் மாறுவது வீண் வம்பு.

சரியான வழி, போவதற்கு முன் கேட்பது. 8ஆம் பிரிவின்படி, நன்னடத்தை அலுவலர் விண்ணப்பித்தால் நீதிமன்றம் நிபந்தனைகளை மாற்றலாம். குற்றவாளி நிரந்தரமாக வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்குள்ள அலுவலரை நியமிக்க 13ஆம் பிரிவு இடம் தருகிறது. வேலை தேடித் தருவதும் நன்னடத்தை அலுவலரின் கடமைகளில் ஒன்று என்று 14ஆம் பிரிவே சொல்வதால், "எனக்கு வேலை பெங்களூரில்தான் கிடைத்திருக்கிறது" என்று அவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். மேஸ்திரியின் பெயர், தங்கும் இடம், ஊர் திரும்பும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வரும் முன்பே வழக்கறிஞர் மூலம் இதை நீதிமன்றத்தில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. வாராந்திரச் சந்திப்பை ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தோடு ஒட்டித் திங்கட்கிழமைக் காலையில் வைப்பதற்கும் புதன்கிழமையில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம், ஒருவருடைய வேலை நிலைப்பதா போவதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

"இந்த அலுவலர் போலீஸா? யாருக்குக் கட்டுப்பட்டவரு?"

போலீஸ் இல்லை. தமிழ்நாட்டில் பெரியவர்களுக்கான நன்னடத்தைப் பிரிவு சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் கீழ் இயங்குகிறது. இந்த ஏற்பாடு நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. நாடு முழுமைக்குமான சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, சென்னை மாகாணம் 1936ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது.

மேற்பார்வை மூன்று பக்கமும் இருக்கிறது. துறை அவருக்குச் சம்பளமும் பணியிடமும் தருகிறது. நீதிமன்றம் அவருடைய அறிக்கையைக் கேட்டுப் பெறுகிறது. மூன்றாவதைத்தான் யாரும் சொல்வதில்லை: குற்றவாளி வசிக்கும் மாவட்டத்தின் மாவட்ட நடுவருக்கு, அதாவது மாவட்ட ஆட்சியருக்கு, நன்னடத்தை அலுவலர் இந்தச் சட்டப் பணிகளில் கட்டுப்பட்டவர் என்று 13ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஊரில் நடக்கும் திருத்தப் பணிக்கு ஆட்சியர் அலுவலகம் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்குச் சட்டம் போட்ட கோடு இது. ஆட்சியர் மனது வைத்தால் வேலைவாய்ப்பு, திறன் பயிற்சி, மதுமறுவாழ்வு, வங்கிக் கடன் ஆகியவற்றை நடத்தும் அலுவலர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க முடியும். நன்னடத்தை அலுவலரால் தனியாக அது முடியாது. இந்த ஒரு வரியை நம் மாவட்டங்களில் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் ஆசை.

"சமூக சேவைன்னு புதுசா ஒரு தண்டனை வந்திருக்காமே, அது எதுக்கெல்லாம்?"

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதன் 4ஆம் பிரிவில் உள்ள தண்டனைப் பட்டியலில் சமூக சேவையும் சேர்ந்தது. மிகச் சில குற்றங்களுக்கு மட்டுமே அது உண்டு. நம் ஊரில் அதிகம் பொருந்தக்கூடியவை மூன்று. முதலாவது, 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு: முதல் முறை தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. இரண்டாவது, குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுப்பது. மூன்றாவது, அவதூறு, வாட்ஸ்அப் குழுவில் எழுதியதும் இதில் வரலாம். இவை தவிர, நீதிமன்றப் பிரகடனத்துக்குப் பிறகும் ஆஜராகாமல் இருப்பது, அரசு ஊழியர் சட்டவிரோதமாக வணிகம் செய்வது ஆகியவற்றுக்கும் உண்டு.

அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரை வற்புறுத்தவோ தற்கொலைக்கு முயல்வதும் 226ஆம் பிரிவின்படி இந்தப் பட்டியலில் இருக்கிறது. மனுநாளில் மண்ணெண்ணெய்க் கேனோடு வருகிறவர்களின் குடும்பங்கள் இதைக் கேட்கின்றன. தண்டனை என்னவாக இருந்தாலும், அந்த மனிதருக்கு முதலில் தேவை துணை. 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

வீட்டுக்குள் புகுந்த திருட்டும் கோயில் உண்டியல் திருட்டும் தனிப் பிரிவு, 305. பொருளின் மதிப்பு 500 ரூபாயாக இருந்தாலும் மேலே சொன்ன 5,000 ரூபாய்ச் சலுகை அதற்கு இல்லை.

"எத்தனை மணி நேரம், எந்த இடம், யார் பாத்துப்பாங்க?"

நியாய சன்ஹிதாவில் மணிக்கணக்கு இல்லை. சமுதாயத்துக்குப் பயன் தரும், ஊதியம் இல்லாத, நீதிமன்றம் இடும் வேலை என்று மட்டும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு விளக்குகிறது. எவ்வளவு காலம், எங்கே, யாருடைய மேற்பார்வையில் என்பதெல்லாம் ஆணையில்தான் இருக்க வேண்டும். ஆணையில் "பத்து நாள் சமூக சேவை" என்று மட்டும் இருந்தால், இடம், நேரம், வருகையைச் சான்றளிக்கும் அலுவலர் ஆகிய மூன்றையும் குறிப்பிடும்படி அன்றைக்கே வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். இல்லாவிட்டால் தண்டனையை முடித்ததற்கே ஆதாரம் இருக்காது.

இதைத் தனி ஆளின் தலையில் விடக் கூடாது. எந்த மருத்துவமனை, எந்த நூலகம், எந்தப் பேரூராட்சி நாற்றங்கால் எத்தனை பேரை ஏற்கும், பெண்களுக்கு எந்த இடம் ஏற்றது, அஞ்செட்டி மலைக்கிராமத்து ஆளை மாவட்டத் தலைநகரத்துக்கு அலைய விடாமல் பக்கத்திலேயே என்ன வேலை தரலாம் என்ற பட்டியல், வழக்கு வருவதற்கு முன்பே நீதித்துறை நடுவரின் மேசையில் இருக்க வேண்டும். பென்னாகரத்துக்கு அப்பாலிருந்து தருமபுரிக்கு வந்து போக ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும். ஊதியமில்லாத தண்டனை அவருக்கு இரட்டை அபராதம் ஆகிவிடும்.

"எங்க ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரை அனுப்பறோம்னு சொல்றாங்க. நாங்க என்ன பண்ணணும்?"

பொறுப்பாளர் ஒருவரின் பெயரை முதலில் முடிவு செய்யுங்கள். அவர் விடுப்பில் போனால் யார் என்பதையும் சேர்த்து. தனி வருகைப் பதிவேடு போடுங்கள்: தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, இருவர் கையெழுத்து. ஐந்து கட்டங்கள் போதும். மற்ற தொழிலாளர்களுக்குத் தரும் கையுறையும் குடிநீரும் அவருக்கும் உண்டு. நூறு நாள் வேலைப் பதிவில் அவருடைய பெயரைச் சேர்த்துக் கூலி போட்டுவிடலாமா என்று ஒரு ஊராட்சிச் செயலர் நல்ல மனதோடு கேட்டார். கூடாது, இது ஊதியமற்ற தண்டனை, அது ஊதிய வேலை.

புகைப்படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். கழுத்தில் அட்டை மாட்டாதீர்கள். நீதிமன்றம் விதித்தது உழைப்பை மட்டுமே. மானத்தை வாங்கும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் கொடுக்கப்படவில்லை.

"சாதியைப் பாத்து கக்கூஸ் கழுவற வேலையா குடுத்தா என்ன பண்றது?"

மறுத்து, உடனே நீதிமன்றத்துக்கு எழுதுங்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதும், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறக்குவதும் 2013ஆம் ஆண்டின் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. நீதிமன்றத் தண்டனை என்ற பெயரிலும் அதைச் செய்விக்க முடியாது. பட்டியல் சாதியினரை அந்த வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

வெளிப்படையாகச் சட்டத்தை மீறாத வடிவமும் உண்டு: ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை, இன்னொருவருக்குத் துடைப்பம். யாருக்கு என்ன வேலை தரப்பட்டது என்ற பதிவை மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவர் பார்த்தால்தான் இது தெரியவரும். முந்தைய விடையில் சொன்ன பதிவேட்டை நான் வலியுறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

"ஊர்ப் பெரியவங்க பஞ்சாயத்துல அபராதம் போட்டு, கோயில்ல வேலை செய்யச் சொன்னாங்க. அதுவும் சமூக சேவைதானே?"

இல்லை. சமூக சேவையைத் தண்டனையாக விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. ஊர்க்கூட்டத்துக்கும் இல்லை, கிராம சபைக்கும் இல்லை. ஊரில் அபராதம் கட்டியதால் நீதிமன்ற வழக்கு தானாக முடிந்துவிடாது. சமரசத்துக்குரிய குற்றமாக இருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முறைப்படி முடிக்கலாம்.

"ரெண்டு தடவை போகலைங்க. மாமனார் சாவுக்குப் போயிட்டேன். பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களா?"

உடனே அலுவலரிடம் நேரில் போய்க் காரணத்தைச் சொல்லி, எழுத்திலும் கொடுங்கள். நிபந்தனையை மீறியதாக நீதிமன்றம் நம்பினால் சம்மனோ பிடியாணையோ அனுப்பலாம் என்று நன்னடத்தைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. விசாரித்து, முதல் குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். முதல் முறை தவறுகிறவருக்குப் பத்திரத்தைத் தொடரவிட்டு, 50 ரூபாய்க்கு மேற்படாத தண்டத்தோடு நிறுத்தவும் இடமுண்டு. 1958இல் எழுதிய தொகை அது, இன்னும் மாறவில்லை. பயந்து ஊரை விட்டுப் போவதுதான் நிலைமையைக் கெடுக்கிறது.

சமூக சேவையைச் செய்யத் தவறினால் அதற்குப் பதிலாகச் சிறைத் தண்டனை விதிக்க நியாய சன்ஹிதாவின் 8ஆம் பிரிவு இடம் தருகிறது.

"எங்க வீட்டுல திருடினவனை சும்மா விட்டுட்டாங்க. எங்களுக்கு என்ன நியாயம்?"

உங்கள் கோபம் நியாயமானது, அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. நன்னடத்தையில் விடும்போதே, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்க வேண்டும் என்று நன்னடத்தைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஆணையிடலாம். அபராதம்போல அது வசூலிக்கப்படும். அரசு வழக்கறிஞரிடம் தீர்ப்புக்கு முன்பே உங்கள் இழப்பின் கணக்கை ரசீதுகளோடு கொடுங்கள். கொடுத்த இழப்பீடு போதவில்லை என்றால் மேல்முறையீடு செய்யும் உரிமை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413ஆம் பிரிவில் உண்டு.

ஒன்றைப் பணிவாகச் சொல்கிறேன். சிறைக்குப் போனவனிடமிருந்து அறுந்த சங்கிலியின் விலை வருவது அரிது. ஊரிலிருந்து வேலைக்குப் போகிறவனிடமிருந்து மாதாமாதம் வரலாம்.

"பதினேழு வயசுப் பையனுக்கும் இதே அலுவலர்தானா?"

வேறு ஏற்பாடு. 18 வயது நிரம்பாதவர்கள் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வருவார்கள். அதில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் முறை ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும்.

சமூக சேவை இவர்களுக்கு முன்பிருந்தே உண்டு. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தரக்கூடிய பணிகளாக, பூங்கா பராமரிப்பு, முதியோருக்கு உதவுதல், மருத்துவமனையில் உதவுதல், போக்குவரத்துத் தன்னார்வலர் பணி போன்றவற்றை 2016ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் எடுத்துச் சொல்கின்றன. பெரியவர்களுக்கான பட்டியலைத் தயாரிக்கும்போது இதை முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

"சிப்காட் கம்பெனியில வேலை கிடைக்குமா? அரசு வேலை போயிடுமா?"

தண்டனையால் வரும் தகுதியிழப்பு, 3 அல்லது 4ஆம் பிரிவின்படி விடப்பட்டவருக்கு இல்லை என்று நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதைக் கண்மூடித்தனமாக நம்பி இருக்கக் கூடாது. ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்மீது, தண்டனைக்குக் காரணமான நடத்தையை வைத்துத் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 1990இல் பக்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்னடத்தையில் விட்டதாலேயே வேலை திரும்பக் கிடைக்காது.

விண்ணப்பத்தில் "எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா" என்று கேட்டால் மறைக்காதீர்கள். உண்மையை எழுதி, 12ஆம் பிரிவையும் குறிப்பிட்டு, ஆணையின் நகலை இணையுங்கள். மறைத்தது தெரிந்து வேலை போனவர்களுக்கு 12ஆம் பிரிவு கைகொடுக்காது.

"எங்க வார்டுல யார் யார் கண்காணிப்புல இருக்காங்கன்னு லிஸ்ட் வேணும். ஆர்.டி.ஐ.ல கிடைக்குமா?"

பெயர்ப் பட்டியலைக் கேட்காதீர்கள். அது தனி மனிதரின் அந்தரங்கம். திருந்த முயல்கிறவரின் வீட்டு வாசலில் ஊரைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குச் சமம். எண்ணிக்கைகளைக் கேளுங்கள்: மாவட்டத்தில் அனுமதிக்கப்பட்ட நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, ஒருவரின் கீழ் எத்தனை பேர், கடந்த ஆண்டு நீதிமன்றங்கள் கேட்ட அறிக்கைகள் எத்தனை, கெடுவுக்குள் கொடுத்தவை எத்தனை. 10 ரூபாய்க் கட்டணத்தில் 30 நாளில் வர வேண்டிய விடைகள் இவை. ஊர் கண்காணிக்க வேண்டியது இந்த ஏற்பாட்டை.

"வக்கீல் வைக்க வசதியில்லை. அலுவலர் தரப்புல யாராவது பணம் கேட்டா யார்கிட்ட சொல்றது?"

மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்ட மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவிலான குழுக்களும் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

கண்காணிப்புக்கோ அறிக்கைக்கோ சட்டத்தில் கட்டணம் எதுவும் இல்லை. யார் கேட்டாலும் ஊழல் தடுப்புத் துறையிடம் புகார் செய்யலாம். தாமதம், அலைக்கழிப்பு போன்றவற்றைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். மனுவில் மேலே சொன்ன, நன்னடத்தைச் சட்டத்தின் 13ஆம் பிரிவை மறக்காமல் எழுதுங்கள்.

"காலம் முடிஞ்சதும் முடிஞ்சுதுன்னு யார் சொல்லுவாங்க?"

பெரும்பாலும் யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. பத்திரத்தில் உள்ள கடைசித் தேதி தாண்டியதும், அலுவலரைச் சந்தித்துக் கண்காணிப்பு முடிந்ததற்கான குறிப்பைக் கேளுங்கள். நடத்தை மிக நன்றாக இருந்தால், அலுவலரின் விண்ணப்பத்தின் பேரில் நீதிமன்றம் பத்திரத்தை முன்கூட்டியே ரத்து செய்யவும் நன்னடத்தைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வழியுண்டு.

காரிமங்கலம் பக்கத்து அம்மா ஒருவர் மகனின் ஆணையை நான்காக மடித்து மஞ்சள் பையில் வைத்திருந்தார். மூன்று ஆண்டுகளில் மடிப்பு தேய்ந்து, சரியாக வழக்கு எண் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அந்த எண் இல்லாமல் பழைய கோப்பைத் தேடி எடுக்க எங்களுக்குப் பல நாட்கள் ஆயின. தீர்ப்பு வந்த வாரத்திலேயே சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வழக்கு எண்ணை வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்திலும் ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள்.